காசு போட்டும் பாடாத பெட்டி



காசு போட்டால் வேலை செய்யும் இயந்திரங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். காப்பிக் கடையில் நின்ற இசைத்தட்டுப் பெட்டி, கடைவாசலில் சிறு பிள்ளைகளைச் சுமந்து ஆடும் குதிரை, தமிழ்நாட்டு ரயில் நிலையங்களில் எடை பார்த்து அட்டை தந்த இயந்திரம், பொதுத் தொலைபேசி ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் பிழைப்புக்காக ஓடிய இவை இன்று பழம் பொருள்களாகி, ஆசைப்பட்டு வாங்கப்படுகின்றன. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை பல பத்தாண்டுகள் நடந்து வந்தது. பழைய ரேடியோ, கடிகாரம், இசைத்தட்டு என்று எல்லாம் அங்கே தரையில் பரப்பி விற்கப்பட்டன. 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டது. சந்தை போனாலும், பழைய பொருளை வாங்கிச் சீர்செய்து ஓடவைக்கும் ஆசை மக்களிடமிருந்து போய்விடவில்லை.

அப்படி வாங்கும் இயந்திரம் பெரும்பாலும் ஓடாத நிலையில்தான் வரும். விளக்கு எரியும், பாட்டு வராது. பாட்டு வரும், காசை ஏற்காது. அல்லது சுவிட்சைப் போட்டவுடன் பியூஸ் போய்விடும். இத்தகைய இயந்திரத்தின் மின்சாரப் பகுதியில் பழுதை எப்படித் தேடுவது என்பதை இன்று பார்ப்போம்.

"பாட்டுப் பெட்டி நம்மிடம் இல்லையே, இது நமக்கெதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். இந்த இயந்திரத்துக்குள் இருக்கும் மோட்டார், கண்டன்சர், சுவிட்சு, பியூஸ் ஆகியவைதான் நம் வீட்டு மின்விசிறியிலும், துணி துவைக்கும் இயந்திரத்திலும், ரேடியோவிலும் இருக்கின்றன. ஒன்றில் பழுது தேடக் கற்றவர் மற்றதிலும் தேடுவார். மேலும், தோட்டத்தை விட்டு ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பட்டறை வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு இது கைத்தொழில். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய மின்கருவியை முறை தெரியாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து உண்டு. ஆகவே இது எல்லாருக்கும் வேண்டிய செய்திதான்.

முதலில் இந்த இயந்திரங்களின் பிறப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். பழுதுக்கான காரணங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மதுக்கடை ஒன்றில், 1889 நவம்பர் 23ஆம் தேதி, லூயி கிளாஸ் என்பவர் எடிசனின் பேசும் இயந்திரத்தில் காசுத் துளை பொருத்தி வைத்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. குழாயைக் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். பின்னர் ஒலிபெருக்கி வந்தது. 1946இல் வெளிவந்த வர்லிட்சர் 1015 என்னும் பெட்டி வண்ண விளக்குகளோடு 24 பாட்டுகளைப் பாடியது. 1948இல் சீபர்க் நிறுவனம் 50 இசைத்தட்டுகளின் இரு பக்கங்களையும் பாடி, 100 பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் அமெரிக்க மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டு மின்சாரம் வேறு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பழுது தேடுவதற்கு ஒரே ஒரு தலையாய விதி உண்டு. மின்சாரம் வரும் வழியிலேயே, சுவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக நாமும் நடந்து போக வேண்டும். ரப்பர் மரத்தில் பால் சீவுகிறோம். கோப்பையில் பால் இல்லை என்றால் என்ன செய்கிறோம்? கோப்பையை மாற்றிப் பார்ப்பதில்லை. வெட்டிலிருந்து பால் எந்த வழியாக இறங்குகிறது, வழியில் எங்கே சிதறுகிறது, தகடு சரியாக இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்க்கிறோம். மின்சாரத்துக்கும் அதே வழிதான். சுவர்ச் செருகி, கம்பி, பியூஸ், சுவிட்சு, டிரான்ஸ்பார்மர், காசுச் சுவிட்சு, ரிலே, மோட்டார் என்பது அதன் பாதை. எதுவரை வந்தது, எங்கே நின்றது என்பதைக் கண்டுபிடித்தால் பழுது அகப்பட்டுவிடும். கையில் கிடைத்த பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்ப்பது பணத்தையும் வீணாக்கும், நல்ல பாகத்தையும் கெடுக்கும்.

வேலையைத் தொடங்குமுன் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி, நம் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய இயந்திரங்களில் சுவிட்சு தவறான கம்பியில் இருக்கலாம். அப்போது அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. வால்வு வைத்த பாட்டுப் பெட்டியில் 300, 400 வோல்ட் அளவுக்கு நேர் மின்சாரம் ஓடும். அதைத் தேக்கி வைக்கும் கண்டன்சர்கள், செருகியைப் பிடுங்கிய பின்பும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 10,000 ஓம், 5 வாட் உள்ள ஒரு தடையை, உறை போட்ட கவ்விகளால் கண்டன்சரின் இரு முனைகளுக்கும் இடையே சில விநாடிகள் பிடித்து, தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பிறகு மல்டிமீட்டரை வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பின்னரே கை வைக்கலாம். திருப்புளியை இரு முனையிலும் வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

அடுத்தது, கண்ணும் மூக்கும் செய்ய வேண்டிய வேலை. பின்பலகையைத் திறந்து நன்றாக வெளிச்சம் காட்டிப் பாருங்கள். கருகிய இடம், எலி கடித்த கம்பி, கரப்பான் கூடு, துரு, ஒழுகிய கண்டன்சர் ஆகியவற்றுக்கு மீட்டர் தேவையில்லை. குறிப்பாகக் கம்பியின் மேலுறையைப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை பரவுமுன் வந்த இயந்திரங்களில் கம்பிக்கு ரப்பர் உறையும் அதன்மேல் துணிப் பின்னலும் இருக்கும். ரப்பர் என்றால் நமக்குப் புதிதல்லவே. 1877இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் மலாயாவெங்கும் தோட்டங்கள் பரவின. அந்தத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால், உலகெங்கும் மின்கம்பிகளுக்கு உறையாகப் போயிற்று. வெயிலும் சூடும் காற்றும் பட்ட ரப்பர் நாளடைவில் எப்படிக் காய்ந்து வெடிக்கும் என்பதைத் தோட்டத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பியை மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை பொடியாக உதிர்ந்தால் அந்தக் கம்பியை ஒட்டுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. முழுவதும் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது ஒரு கம்பியைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பொருத்தி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டால் எது எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இனி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பார்ப்போம். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. அமெரிக்கப் பெட்டியின் பின்புறத் தகட்டில் 115 அல்லது 117 வோல்ட், 60 சுழற்சி என்று அடித்திருக்கும். தகட்டைப் படிக்காமல் நம் சுவரில் செருகினால், வேண்டியதைப் போல் இருமடங்கு வோல்ட் பாய்ந்து டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் கருகிவிடும். ஆகவே வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கட்டாயம் இடையில் வைக்க வேண்டும். பெட்டி 250 வாட் இழுக்கிறது என்று தகடு சொன்னால், டிரான்ஸ்பார்மர் அதைவிடத் தாராளமாக, 500 வாட் தாங்குவதாக இருப்பது நல்லது.

வோல்ட்டைச் சரிசெய்த பிறகும் ஒரு வேடிக்கையான குறை நிற்கும். பாட்டு தாழ்ந்த குரலில், சோம்பலாக வரும். பாடகிக்குச் சளி பிடித்ததுபோல் இருக்கும். இதைக் கேட்டு ஒலிபெருக்கியை மாற்றுகிறவர்களும், மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. உண்மையான காரணம் வேறு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, சுழற்சியை மாற்றாது. தட்டைச் சுற்றும் மோட்டார் சுழற்சி எண்ணிக்கையைப் பின்பற்றியே ஓடுகிறது. 60க்குப் பதில் 50 கிடைத்தால், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 45 முறை சுற்ற வேண்டிய தட்டு 37.5 முறைதான் சுற்றும். மோட்டாரில் பழுதே இல்லை. 50 சுழற்சிக்கு ஏற்ற பருமனுள்ள உருளையை மோட்டார் அச்சில் பொருத்தினால் பாட்டு சரியாகிவிடும். காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றக் கூடாது என்று சொன்னதற்கு இது நல்ல உதாரணம்.

கம்பி நிறத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆங்கிலேயர் முறையைப் பின்பற்றிய நம் பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க் கம்பி, கறுப்பு திரும்பு கம்பி, பச்சை எர்த். இன்றைய கருவிகளின் கம்பியில் பழுப்பு உயிர்க் கம்பி, நீலம் திரும்பு கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அமெரிக்க முறையிலோ கறுப்புதான் உயிர்க் கம்பி, வெள்ளை திரும்பு கம்பி! "கறுப்பு ஆபத்தில்லாதது" என்ற பழக்கத்தில் அமெரிக்கப் பெட்டியின் கறுப்புக் கம்பியைத் தொடுகிறவர் உயிரோடு விளையாடுகிறார். போதாதற்கு, பல பழைய பெட்டிகளின் செருகியில் எர்த் முனையே கிடையாது. மூன்று கம்பி கொண்ட புதிய வயரைப் பொருத்தி, அதன் எர்த் கம்பியை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் திருகாணியால் இறுக்கமாகப் பிணைப்பது சீர்செய்யும் வேலையில் தவிர்க்கக் கூடாத கடமை. ஆனால் அதற்குமுன், சட்டத்துக்கும் மின்கம்பிகள் இரண்டுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை என்று மீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்துப் பியூஸ். இதைப் போல் அநியாயமாகப் பழி சுமக்கும் பாகம் வேறில்லை. "பியூஸ் சரியில்லை, அடிக்கடி போகிறது" என்பார்கள். பியூஸ் போவது பழுதன்று. பழுது இருக்கிறது என்று அது நமக்குத் தரும் எச்சரிக்கை. வீட்டுக் காவல் நாய் குரைத்தால் திருடன் எங்கே என்று பார்க்க வேண்டுமா, நாயின் வாயைக் கட்ட வேண்டுமா? பியூஸ் இருந்த இடத்தில் சிகரெட்டுக் காகிதத்தைச் சுற்றுவதும், ஆணியை வைப்பதும், தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவதும் நாயின் வாயைக் கட்டும் வேலைதான். பிறகு பியூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் எரியும். அதற்குப் பிறகு மரப்பெட்டி எரியும். பழைய இயந்திரத்தை வாங்குகிறவர்கள் முதலில் பியூஸ் இருக்கும் இடத்தைத் திறந்து பார்க்கட்டும். அங்கே காகிதமோ கம்பியோ சுற்றியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு பழுது மறைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்து, விலையைப் பேச வேண்டும்.

சரியான பியூஸ் எது? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 250 வாட்டை 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.1 ஆம்பியர். மூன்று முனைச் செருகியில் வாங்கும்போது 13 ஆம்பியர் பியூஸ் இருக்கக்கூடும். அது தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்குச் சரி. நம் பெட்டிக்கு 3 ஆம்பியர் போதும். பெட்டிக்குள் இருக்கும் பியூஸ்களுக்கு, அங்கே அச்சிட்டிருக்கும் அளவையே போட வேண்டும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் சற்று அதிகம் இழுக்கும் இடங்களில், தாமதமாக உருகும் வகை என்று எழுதியிருந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும்.

பல ஆண்டு கிடந்த இயந்திரத்துக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சிதான் கொடுப்போம். மின்சாரத்தில் அந்தக் கஞ்சியாக இருப்பது தொடர் விளக்கு. இழை வைத்த பழைய மாதிரி 100 வாட் பல்பு ஒன்றை உயிர்க் கம்பியின் நடுவில் இணைத்து, அதன் வழியாக 230 வோல்ட்டை டிரான்ஸ்பார்மருக்கும் பெட்டிக்கும் கொடுப்பார்கள். பெட்டிக்குள் எங்காவது கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றெரியும், பெட்டிக்குச் சேதமில்லை. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால், பெரிய பழுது இல்லை என்று கொள்ளலாம். பழைய பட்டறைக்காரர்கள் இதை ஒரு பலகையில் பொருத்தியே வைத்திருப்பார்கள். இரண்டு எச்சரிக்கைகள்: இன்றைய எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. தொடர் விளக்கு இயந்திரத்தைத்தான் காக்கும், தொடுகிற மனிதனைக் காக்காது.

இப்போது மின்சாரம் உள்ளே வந்துவிட்டது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சர்களை. உருளை வடிவமான எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் ஈரமான ஒரு பொருள் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்துவிடும். அப்போது ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் பாட்டை மூடும். மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் உள்ளுக்குள் மின்சாரத்தைக் கசியவிட்டு வால்வைக் கெடுக்கும். இவ்விரு வகையும் பழையனவாக இருந்தால், சோதித்துக் கொண்டிராமல் மாற்றிவிடுவதே முறை. மாற்றும்போது மைக்ரோபேரட் அளவு ஏறக்குறைய அதே இருக்க வேண்டும். வோல்ட் தாங்கும் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் போட்டால் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் வெடிக்கும். இந்தச் சில்லறைப் பாகங்களுக்குத் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர் பேர்போன இடம்.

சில பெட்டிகளில் அடுக்கடுக்கான தகடுகளைக் கொண்ட செலினியம் ரெக்டிபயர் இருக்கும். அலைமின்சாரத்தை நேர் மின்சாரமாக்குவது அதன் வேலை. அது எரிந்தால் அழுகிய முள்ளங்கி போன்ற கெட்ட வாடை வரும். அந்தப் புகை நஞ்சு. உடனே மின்சாரத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதன் இடத்தில் இன்றைய சிலிக்கன் டயோடு போடலாம். ஆனால் புதியது கூடுதலான வோல்ட் தரும்; அதை இறக்க ஒரு தடையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, காசு போகும் வழிக்கு வருவோம். விளக்கு எரிகிறது, மோட்டார் நல்லது, காசு மட்டும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். துளையில் போட்ட காசு சரிந்து இறங்கி, தன் அளவையும் எடையையும் சோதிக்கும் ஒரு தொட்டிலைத் தாண்டி, ஒரு காந்தத்தின் அருகே உருண்டு, கடைசியில் ஒரு மெல்லிய கம்பியைத் தட்டுகிறது. அந்தக் கம்பி ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. சுவிட்சு மூடியதும் ரிலேயின் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடி, அது காந்தமாகி, அடுத்த வேலைக்கு வழி திறக்கிறது. காசு இரும்பாக இருந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தக் காந்தம்.

இங்கே முதலில் மின்சாரம் இல்லாமல் சோதனை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, காசுச் சுவிட்சிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளிலும் பிடியுங்கள். அழுத்தாதபோது தொடர்பு இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 0 ஓம் காட்ட வேண்டும். 20 ஓம் காட்டினால் தொடுமுனைகளில் அழுக்கு. 20 ஓம் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். 24 வோல்ட்டில் ஓடும், 30 ஓம் தடையுள்ள ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். வழியில் 20 ஓம் அழுக்கு இருந்தால் மொத்தம் 50 ஓம். சுருளுக்குக் கிடைப்பது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். சுருள் துடிக்கும், ஆனால் இழுக்காது. பார்ப்பவர் "ரிலே போய்விட்டது" என்று சொல்லிப் புது ரிலே தேடி அலைவார். தேவைப்படுவதோ, சாராயம் நனைத்த ஒரு துண்டுக் கெட்டிக் காகிதம்! அதைத் தொடுமுனைகளின் நடுவே வைத்து, மெல்ல அழுத்தி, இழுத்தால் அழுக்கு காகிதத்தில் வந்துவிடும். சாராயம் முற்றும் காய்ந்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தொடுமுனையின் வெள்ளிப் பூச்சு போய்விட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

சில நேரங்களில் மின்சாரத்தில் குற்றமே இருக்காது. குற்றம் காசில் இருக்கும். சிங்கப்பூர் தன் முதல் நாணய வரிசையை 1967இல் வெளியிட்டது. அதே ஆண்டு மலேசியா வெளியிட்ட 10, 20, 50 காசுகளும் அதே அளவில் இருந்தன. 1985இல் சிங்கப்பூரின் இரண்டாம் வரிசை வந்தபோது இந்தக் காசுகள் சிறுத்தன. 2013இல் வந்த மூன்றாம் வரிசையோ, எஃகின்மேல் பூச்சுப் பூசிய நாணயங்கள். எஃகைக் காந்தம் இழுக்கும். ஆகவே, அன்றைய திருட்டு வில்லையைப் பிடிக்க வைத்த காந்தம், இன்றைய நல்ல காசைத் திருட்டுக் காசு என்று பிடித்து வைக்கிறது! இதற்காகக் காந்தத்தைப் பிடுங்குவதோ, காசுப் பாதையை அரத்தால் ராவுவதோ பழம் பொருளின் மதிப்பைக் கெடுக்கும். பழைய காசுகள் சிலவற்றை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடுவதே எளிய வழி. அதே காசு திரும்பத் திரும்பப் பயன்படும்.

கடைசியாக, கடைவாசலில் ஆடும் குதிரைக்கு வருவோம். இதில் பாகங்கள் குறைவு: காசுச் சுவிட்சு, நேரம் கணக்கிடும் கருவி, பல்சக்கரம் வைத்த மோட்டார், அவ்வளவே. காசு போட்டதும் மோட்டார் 'உம்' என்று முனகி, ஆடாமல் நின்றால், பெரும்பாலும் மோட்டாரின் கண்டன்சர் போயிருக்கும். வீட்டு மேல்விசிறி முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதே, அதுவும் இதே நோய். சிறிது ஆடி நின்று, பிறகு தானாக ஆடினால், கம்பி உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. குதிரை ஆடும்போதெல்லாம் வளையும் இடத்தில்தான் கம்பி அறும். உறை முழுதாக இருக்கும், செம்பு மட்டும் உள்ளே ஒடிந்திருக்கும். மீட்டரைப் பிடித்துக்கொண்டு கம்பியை வளைத்துப் பார்த்தால் முள் துடிப்பதில் தெரிந்துவிடும்.

இந்தக் குதிரையின் விஷயத்தில் நாம் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். இதில் ஏறுவது குழந்தை. கையில் ஐஸ்கிரீம் வழியும், மழையில் நனைந்திருக்கும், இரும்புப் பிடியை இறுகப் பற்றியிருக்கும். ஒடிந்த கம்பி ஒன்று உள்ளே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 230 வோல்ட்டில் எரியும் ஒரு 15 வாட் பல்பு ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதில் பாதி நெஞ்சின் வழியாகப் பாய்ந்தாலே உயிர் போகலாம். பியூஸ் இதைத் தடுக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் என்பது தூசு. இயந்திரம் எரியாமல் காப்பதே அதன் வேலை. மனிதனைக் காப்பவை எர்த் கம்பியும், மின்கசிவுத் துண்டிப்பானும்தான். அந்தத் துண்டிப்பான் போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னரோ எட்டியதுமோ நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் இது இல்லாதிருந்தது. எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1இல் வந்தது. பொருத்திக்கொள்ள 2025 வரை தவணை கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தியதும் மின்சாரம் நின்றால் காவல் விழித்திருக்கிறது. நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், எதுவரை நாம் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். செருகியைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டலாம், கண்ணால் பார்க்கலாம், தொடுமுனையைத் துடைக்கலாம், மீட்டரில் தொடர்பு பார்க்கலாம். மின்சாரம் ஓடும்போது உள்ளே அளந்து பார்ப்பது, பயின்றவர் பக்கத்தில் இருக்கும்போது கற்க வேண்டிய வேலை. சுவருக்குள் ஓடும் வயரிங்கையும் மின்பெட்டியையும் உரிமம் பெற்றவர்தான் தொடலாம். சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையமும், மலேசியாவில் எரிசக்தி ஆணையமும் இதற்கு உரிமமும் தகுதிச் சான்றும் வழங்குகின்றன. கைவேலையில் நாட்டமுள்ள நம் பிள்ளைகள் அந்தச் சான்றிதழை நோக்கிப் படிக்கலாம். தோட்டத்திலும் பட்டணத்திலும் என்றும் வேலை கிடைக்கும் தொழில் அது.

வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். கழற்றுமுன் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை ஓம், எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சோதித்து, அதன் பலனையும் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது தெரியாமல் போய்விடும். இயந்திரம் ஓடத் தொடங்கியவுடனும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். பிறகு செருகியைப் பிடுங்கி, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றி, டிரான்ஸ்பார்மரையும் மோட்டாரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் இன்னும் ஒரு பழுது மறைந்திருக்கிறது என்று பொருள். மறுபடியும் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். கை தாங்கும் சூடுதான், எர்த் இணைப்பு உறுதியாக இருக்கிறது, பியூஸ் உரிய அளவில் இருக்கிறது என்று மூன்றும் சரியானால், பின்பலகையை மூடலாம். அதன் பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காசு போடச் சொல்லுங்கள்.